சோற்றைவிடத் தண்ணீர் கடினமாகும்போது

பக்கவாதம் வந்து வாய் கோணிப்போன ஒருவரைச் சுற்றி வீட்டில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். ஒருவர் சொம்பில் தண்ணீரோடு ஓடி வருவார். இன்னொருவர் சோடா வாங்கிவரச் சொல்வார். "ரெண்டு வாய் காபி உள்ள போனா தெம்பு வரும்" என்று பாட்டி சொல்வார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஏதாவது ஒன்று வாய்க்குள் போயிருக்கும். எல்லாம் பதற்றத்திலும் பிரியத்திலும் செய்வதுதான். ஆனால் அந்த நேரத்தில் அவர் வாயில் எதையுமே ஊற்றக் கூடாது, குறிப்பாகத் தண்ணீரை.

மருத்துவமனையில் சேர்த்த பிறகு "வாய் வழியா எதுவும் கொடுக்காதீங்க" என்று செவிலியர் சொன்னால் குடும்பத்துக்குக் கோபம் வருகிறது. ஏற்கெனவே படுத்துக் கிடப்பவரைப் பட்டினி போடுகிறார்களே என்று. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முதல் சில நாட்களில் விழுங்குவதில் கோளாறு இருக்கும். அவர்களில் நிறையப் பேருக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். இடைப்பட்ட நாட்களில் நுரையீரல் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளத்தான் அந்தக் கட்டுப்பாடு. விழுங்கும் திறனைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் முதல் வாய் உணவு.

விழுங்கும் சிரமம் தனி நோய் இல்லை. பக்கவாதம், பார்க்கின்சன், டிமென்ஷியா என்ற மறதி நோய், வாய்ப் புற்றுநோய்க்குக் கொடுத்த கதிர்வீச்சு, ஆண்டுக்கணக்கான நெஞ்செரிச்சல், உணவுக்குழாயில் கட்டி, ஐ.சி.யூ.வில் பல நாள் வென்டிலேட்டரில் இருந்தது, வயதால் வரும் தசைத் தளர்ச்சி என்று அதற்குப் பின்னால் எது வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம்தான்: "முழுங்க முடியலையா, தண்ணியாக் கரைச்சுக் கொடு." சிலருக்கு இது சரி. வேறு சிலருக்கு நேர்த் தப்பு. எது யாருக்கு என்று தெரிய வேண்டுமானால், உணவு எங்கே தடுமாறுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு நொடி வேலை

சோற்றை மெல்வதும், உமிழ்நீரோடு கலந்து உருட்டுவதும், நாக்கால் பின்னே தள்ளுவதும் நம் இஷ்டப்படி நடப்பவை. நாக்கின் அடிப்பகுதியைத் தாண்டிவிட்டால் அப்புறம் நம் கையில் எதுவும் இல்லை. மூளைத்தண்டு பொறுப்பை எடுத்துக்கொள்கிறது.

தொண்டை, காற்றும் உணவும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகிற லெவல் கிராசிங். மூக்கிலிருந்து வரும் காற்று முன்பக்கம் இருக்கும் மூச்சுக்குழாய்க்குப் போக வேண்டும். வாயிலிருந்து வரும் உணவு பின்பக்கம் இருக்கும் உணவுக்குழாய்க்குப் போக வேண்டும். உணவு கடக்கும் அந்த ஒரு நொடிக்குள் மூச்சு நிற்கிறது, அண்ணம் உயர்ந்து மூக்கின் பின்வாசலை அடைக்கிறது, குரல்நாண்கள் ஒட்டிக்கொள்கின்றன, குரல்வளை மேலும் முன்னுமாக எழும்புகிறது, அதன் மூடி மடிந்து படுக்கிறது, உணவுக்குழாயின் மேல்வாய் திறக்கிறது. கழுத்தின் முன்பக்கம் இருக்கும் மேட்டில் விரலை வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள்; அது ஏறி இறங்குவது தெரியும். வாயிலிருந்து இரைப்பை வரை இந்த வேலையில் சுமார் 50 ஜோடித் தசைகள் ஈடுபடுகின்றன.

அதற்குப் பிறகு சுமார் 25 சென்டிமீட்டர் நீள உணவுக்குழாய், அலை அலையாகச் சுருங்கி உணவை இரைப்பைக்குத் தள்ளுகிறது. தலைகீழாகத் தொங்கினாலும் இந்தப் பகுதி வேலை செய்யும். ஆனால் படுத்தபடி சாப்பிட இதை ஒரு அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தொண்டைக் கட்டத்தில் உணவு எந்தப் பக்கம் சரியும் என்பது உட்காரும் நிலையைப் பொறுத்தது.

ஆரோக்கியமான தொண்டைக்குத் தண்ணீரைவிடச் சுலபமானது கிடையாது. ஆனால் நரம்போ தசையோ தளர்ந்தவருக்குக் கணக்கு தலைகீழாகிறது. குழைந்த உணவு ஒரு உருண்டையாக, மெதுவாக நகரும். தொண்டைக்கு அவகாசம் கொடுக்கும். தண்ணீர் காத்திருக்காது. நாக்கின் ஓரத்தில் வழிந்து, கேட் மூடுவதற்குள் கிராசிங்குக்கு வந்துவிடும். குரல்வளை எழும்ப அரை நொடி தாமதமானாலே ஒரு பகுதி மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். அதனால்தான் பக்கவாத நோயாளி ஒருவர் பிசைந்த இட்லியைச் சாதாரணமாகச் சாப்பிட்டுவிட்டு, கடைசியில் குடிக்கும் ஒரு மடக்குத் தண்ணீரில் திணறிப்போகிறார்.

நெஞ்சில் நின்றால் கதை வேறு

சிக்கல் தொண்டைக்குக் கீழே, உணவுக்குழாயில் இருந்தால் அடையாளங்கள் மாறிவிடும். விழுங்கத் தொடங்குவதில் பிரச்சினை இருக்காது. இரண்டு மூன்று நொடி கழித்து நெஞ்சுக்கு நடுவில் அடைத்தாற்போல் நிற்கும். கேட்டால் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார்கள். அவர்கள் காட்டும் இடத்தைப் பெரும்பாலும் நம்பலாம். ஆனால் கழுத்தைத் தொட்டுக் காட்டுகிறவர்களை அப்படியே நம்ப முடியாது. அடைப்பு கீழே இருந்தாலும் சிலருக்குக் கழுத்தில் இருப்பது போலத்தான் தெரியும்.

இங்கே கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: முதலில் சிரமம் தந்தது திட உணவா, திரவமும் சேர்ந்தா? முதலில் சப்பாத்தியும் கறியும் நின்று, சில வாரம் கழித்துச் சோறு நின்று, இப்போது கஞ்சிதான் போகிறது என்று ஒருவர் சொன்னால் குழாய் படிப்படியாகக் குறுகுகிறது என்று அர்த்தம். நெஞ்செரிச்சலால் வந்த தழும்பாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். ஐம்பதைத் தாண்டியவர், எடையும் குறைகிறது என்றால் எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போடவே கூடாது. கஞ்சி போகிறதே என்று சமாளித்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டிவிடுவதுதான் நம்மிடம் அதிகம் நடக்கிறது. "தண்ணியாக் கரைச்சுக் கொடு" வைத்தியம் இவர்களிடம் வேலை செய்கிறது. வேலை செய்வதாலேயே நோயை மறைத்தும் விடுகிறது.

திடமும் திரவமும் ஆரம்பத்திலிருந்தே சேர்ந்து நின்றால் குழாயின் இயக்கத்தில் கோளாறு. இதில் பெயர்பெற்றது அகலேசியா. உணவுக்குழாயின் கீழ்முனையில் இருக்கும் தசை வளையம் தளர மறுக்கும் நோய் அது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் இப்படி ஒரு நோயாளியைப் பற்றி எழுதிவைத்தார். அவருக்கு வில்லிஸ் செய்துகொடுத்தது, திமிங்கிலத்தின் தாடைத் தகட்டில் செய்து நுனியில் கடற்பஞ்சு கட்டிய ஒரு குச்சி. சாப்பிட்ட உணவை அந்தக் குச்சியால் உள்ளே தள்ளிக்கொண்டே அந்த மனிதர் பல ஆண்டுகள் வாழ்ந்தார். 1913இல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஹெல்லர் அந்தத் தசையை வெட்டித் தளர்த்தும் அறுவை சிகிச்சையைச் செய்தார். 2008இல் ஜப்பானின் ஹருஹிரோ இனோவே, வெளியே கத்தியே வைக்காமல் வாய் வழியாக எண்டோஸ்கோப்பை விட்டு அதையே செய்துகாட்டினார். இப்போது தமிழ்நாட்டின் பெரிய மருத்துவமனைகளிலும் அது நடக்கிறது. விழுங்கும் சிரமங்களில் ஏறக்குறைய முழு நிவாரணம் கிடைக்கக்கூடியவற்றில் இது ஒன்று. அதனால் "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுவது பெரிய இழப்பு.

இன்னும் சில காரணங்கள் நம் ஊர் மருத்துவர்களுக்கு நன்கு பழக்கமானவை. நெடுநாள் இரும்புச்சத்துக் குறைவோடு இருக்கும் பெண்களில் சிலருக்கு உணவுக்குழாயின் மேல்பகுதியில் மெல்லிய சவ்வு ஒன்று குறுக்கே வளரும். பிளம்மர்-வின்சன் நோய் என்பார்கள். இரும்புச்சத்து கொடுத்து, தேவைப்பட்டால் அந்தச் சவ்வை விரித்துவிட்டால் சரியாகும். ஆனால் பின்னாளில் அங்கே புற்றுநோய் வரும் வாய்ப்பு இருப்பதால் கண்காணிப்பு வேண்டும். கழிப்பறை கழுவும் ஆசிட்டைப் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தால் குழந்தைகளின் உணவுக்குழாய் வெந்து சுருங்குவது மற்றொன்று. அப்புறம் பாக்கு. வருடக்கணக்கில் பாக்கும் பான் மசாலாவும் மென்றவர்களின் கன்னத்து உள்தோல் நார்போல இறுகி, வாயைத் திறப்பதே கஷ்டமாகிறது. புற்றுநோய்க்கு முந்தைய நிலை அது.

மாத்திரைகளும் புண்ணாக்கும். டாக்ஸிசைக்ளின், எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கும் அலெண்ட்ரோனேட் போன்றவற்றை ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்கிவிட்டு உடனே படுத்தால், அவை குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கரையும். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். மறுபக்கம், தொண்டையில் உருண்டை மாதிரி ஏதோ இருக்கிறது, ஆனால் சாப்பாடு தடையில்லாமல் இறங்குகிறது என்றால் பெரும்பாலும் பயப்பட வேண்டாம். வெறும் எச்சிலை விழுங்கும்போதுதான் அது அதிகம் தெரியும். ஒருமுறை மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்துகொண்டால் சரி.

இருமலே வராதவர்

சாப்பிடும்போது புரை ஏறினால் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்று சொல்வது நம் வழக்கம். எப்போதாவது ஒருமுறை என்றால் யார் நினைத்தாலும் பரவாயில்லை. அந்த இருமல் நல்ல காவல்காரன். தவறிய பருக்கையை நுரையீரலுக்குப் போகவிடாமல் வெளியே தள்ளுகிறது. ஒவ்வொரு வேளையும் யாரோ நினைக்கிறார்கள் என்றால்தான் கவனிக்க வேண்டும்.

அதைவிட ஆபத்தானவர் இருமாதவர். பக்கவாதத்திலும் பார்க்கின்சனிலும் தொண்டையின் உணர்ச்சியே மரத்துப்போவது உண்டு. தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கும், உடம்புக்குத் தெரியாது, இருமல் வராது. பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுகிறவருக்கு எல்லாம் ஒழுங்காகப் போவது போலத்தான் இருக்கும். இதைப் பிடிக்கச் சின்னச் சின்ன அடையாளங்கள்தான் உதவும். சாப்பிட்ட பிறகு பேச்சு, தொண்டையில் நீர் கோத்தது போல் களகளவென்று கேட்பது. முன்பு கால்மணி நேரத்தில் முடிந்த சாப்பாடு முக்கால் மணி நேரம் இழுப்பது. சோறு கன்னத்தில் ஒதுங்கியே கிடப்பது. காரணம் தெரியாமல் அடிக்கடி காய்ச்சலும் சளியும் வந்து, ஆன்டிபயாட்டிக் போட்டால் அடங்கி, மறுபடி வருவது. வயதானவருக்கு வருடத்துக்கு இரண்டு முறை நிமோனியா வருகிறது என்றால் நெஞ்சுக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் போதாது, தொண்டையையும் பார்க்க வேண்டும்.

தொண்டைக்குள் குச்சியை விட்டுக் குமட்டல் வருகிறதா என்று பார்த்து "விழுங்கலாம்" என்று சொல்வது பழைய பழக்கம். குமட்டலுக்கும் பத்திரமாக விழுங்குவதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. குமட்டலே வராத ஆரோக்கியமான மனிதர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சரியாகத் தெரிய வேண்டுமானால் பார்க்கத்தான் வேண்டும். அதற்கு இரண்டு வழிகள். ஒன்று, எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் கலந்த திரவத்தையும் கூழையும் பிஸ்கட்டையும் கொடுத்து, விழுங்கும்போதே எக்ஸ்ரே வீடியோ எடுப்பது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜெரி லோக்மன் இந்த முறையைப் பரவலாக்கினார். இன்னொன்று, மூக்கு வழியாக மெல்லிய எண்டோஸ்கோப்பை விட்டு மேலிருந்து தொண்டையைப் பார்ப்பது. 1988இல் சூசன் லாங்மோர் குழுவினர் இதை வெளியிட்டார்கள். படுக்கைக்கே கொண்டுபோய்ச் செய்யலாம், கதிர்வீச்சு இல்லை.

ரசம் சாதம் என்ற சிக்கல்

நோயாளிச் சாப்பாடு என்றதும் நம் கை தானாகப் போவது கரைத்த ரசம் சாதத்துக்கும் நொய்க் கஞ்சிக்கும். தொண்டை பலவீனமானவருக்கு இரண்டுமே கடினமான உணவுகள். ஒரே வாயில் இரண்டு விதமான பொருள் இருக்கிறது. பருக்கையை நாக்கு பிடித்து மென்றுகொண்டிருக்கும்போதே சாறு நழுவித் தொண்டைக்கு முந்திப் போய்விடுகிறது. பாலில் ஊறிய பிஸ்கட்டும், தேங்காய்ப்பால் ஊற்றிய இடியாப்பமும், காய் மிதக்கும் சாம்பாரும் இந்த ரகம்தான்.

தேவைப்படுவது ஒரே சீரான, ஈரமான, உதிராத, ஒட்டாத உணவு. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு நம் சமையலறையைப் பார்த்தால் சில விஷயங்கள் புரியும். குழைய வேகவைத்துக் கெட்டித் தயிரில் மசித்த தயிர் சாதம் அருமையான உணவு, ஆனால் கடுகு, கறிவேப்பிலை, மிளகாய்த் தாளிப்பு கூடாது. இட்லியை உலர்வாகக் கொடுத்தால் உதிரும். வடிகட்டிய சாம்பாரில் ஊறவைத்து, மிச்சச் சாறு தேங்காமல் மசித்தால் நன்றாக இறங்கும். வெண்பொங்கல் சூடாக இருக்கும்வரை பரவாயில்லை, முழு மிளகையும் முந்திரியையும் எடுத்துவிட வேண்டும்; ஆறினால் பசைபோல் அண்ணத்தில் ஒட்டும். களியும் அப்படித்தான். புட்டு, பொரி, அப்பளம், சுண்டல், வேர்க்கடலை இவற்றை மறந்துவிட வேண்டியதுதான்.

உலகம் முழுக்க இதற்கு ஒரு பொது அளவு இருக்கிறது. ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற சர்வதேச அமைப்பு வகுத்தது, 2019இல் திருத்தப்பட்டது. 0 முதல் 7 வரை எட்டு நிலைகள். 0 என்றால் தண்ணீர், 4 என்றால் கரண்டியில் நிற்கும் மசியல், 5 என்றால் பெரியவர்களுக்கு 4 மில்லிமீட்டர் அளவுக்கு மிகாத துணுக்குகள் கொண்ட ஈர உணவு, 6 என்றால் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மிகாத மெத்தென்ற துண்டுகள், 7 வழக்கமான சாப்பாடு. திரவத்தை அளக்க லேப் எதுவும் வேண்டாம், ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச் போதும். முனையை விரலால் அடைத்து, 10 மில்லி கோடுவரை நிரப்பி, விரலை எடுத்து 10 நொடி ஒழுகவிட்டு, மறுபடி அடையுங்கள். 1 மில்லிக்குக் குறைவாக மிச்சமிருந்தால் அது நிலை 0. 1 முதல் 4 வரை என்றால் நிலை 1, 4 முதல் 8 வரை நிலை 2, 8க்கு மேல் நிலை 3. ஒழுகவே இல்லை என்றால் அதைக் குடிக்க முடியாது, கரண்டியால்தான் சாப்பிட வேண்டும். சிரிஞ்சுகளின் நீளம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பூஜ்யத்திலிருந்து 10 மில்லி கோடுவரை 61.5 மில்லிமீட்டர் இருப்பதுதான் இந்தச் சோதனைக்கு ஏற்றது. யாருக்கு எந்த நிலை என்பதைப் பரிசோதித்தவர்தான் சொல்ல வேண்டும், வீட்டில் ஊகிக்கக் கூடாது.

கெட்டியாக்குவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சோளமாவு, அரிசிமாவு, கேழ்வரகு எல்லாம் மாவுச்சத்து. உமிழ்நீரில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி அதை உடைக்கும். எச்சில் பட்ட கரண்டியைத் திரும்பத் திரும்பக் கிண்ணத்தில் விட்டால் கெட்டியாக இருந்த கூழ் பத்து நிமிடத்தில் நீர்த்துப்போவதைப் பார்க்கலாம். மருந்துக் கடைகளில் விற்கும் சாந்தன் கம் பொடிகள் அப்படி நீர்க்காது, ஆனால் விலை அதிகம். மாவுக் கூழ்தான் முடியும் என்றால் கொஞ்சம் கொஞ்சமாகத் தனிக் கிண்ணத்தில் எடுத்துக் கொடுக்கலாம். ஐஸ்கிரீம், ஜெல்லி போன்றவை பார்க்கக் கெட்டி. வாய்க்குள் போனதும் தண்ணீர்.

தயவுசெய்து சோறு, குழம்பு, பொரியல் எல்லாவற்றையும் ஒரே மிக்ஸி ஜாரில் போட்டு அடிக்காதீர்கள். சாம்பல் நிறத்தில் வரும் அந்தக் கலவையை நீங்களும் நானும்கூட இரண்டாம் நாள் தள்ளிவிடுவோம். தனித்தனியாக மசித்து, தட்டில் தனித்தனியாக வைத்தால் பூசணிக்காய் பூசணிக்காயாகவே தெரியும். சாப்பிடும் ஆசையே போய்விட்டால் எந்த நிலை எண்ணும் உதவாது.

கெட்டித் திரவத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. டிமென்ஷியா அல்லது பார்க்கின்சன் உள்ள 515 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஒரு ஆய்வு 2008இல் வெளிவந்தது. மோவாயைத் தாழ்த்தித் தண்ணீர் குடித்தவர்கள், ஓரளவு கெட்டியாகக் குடித்தவர்கள், தேன் பதத்தில் குடித்தவர்கள் என்று மூன்று பிரிவு. மூன்று மாதத்தில் நிமோனியா வந்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கெட்டியாகக் குடித்தவர்களிடம் நீரிழப்பு அதிகம் காணப்பட்டது. காரணம் எளிது: கூழ் மாதிரி இருக்கும் தண்ணீரை யாரும் ஆசையாகக் குடிப்பதில்லை. நம் ஊர் வெயிலில் இதைக் கூடுதலாகவே யோசிக்க வேண்டும். கென்டக்கியின் லூயிவில் நகரில் இருக்கும் ஃப்ரேசியர் மறுவாழ்வு மையம் 1980களிலேயே ஒரு நடுவழியைக் கண்டது. சாப்பாட்டோடு கெட்டித் திரவம் மட்டும். சாப்பாட்டுக்கு இடையில், வாயைச் சுத்தமாகக் கழுவிய பிறகு, சும்மா தண்ணீர் குடிக்கலாம். சுத்தமான வாயிலிருந்து கொஞ்சம் வெறும் தண்ணீர் நுரையீரலுக்குப் போனால் உடம்பு பெரும்பாலும் உறிஞ்சிக்கொள்ளும். பாலும் சோறும் கிருமிகளும் போனால்தான் தொல்லை. எல்லா நோயாளிக்கும் இது பொருந்தாது, ஆனால் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்க வேண்டிய விஷயம்.

ஊட்டும் கை

1998இல் லாங்மோர் குழு, வயதானவர்களிடம் யாருக்கு நிமோனியா வருகிறது என்று ஆராய்ந்தது. விழுங்கும் கோளாறு மட்டும் போதுமான காரணமாக இல்லை. பிறர் கையால் ஊட்டப்படுவது, பல் துலக்கப் பிறரை நம்பியிருப்பது, சொத்தைப் பற்கள், புகைப்பழக்கம் இவைதான் முன்னால் வந்து நின்றன. ஊட்டிவிடுவதைப் பாசத்தின் உச்சமாக நினைக்கும் நமக்கு இது கொஞ்சம் சங்கடமான செய்தி. தானே எடுத்துச் சாப்பிடும்போது கை எழும்பும் நொடியிலேயே வாயும் தொண்டையும் தயாராகின்றன. பிறர் ஊட்டும்போது அந்த முன்னறிவிப்பு கிடைப்பதில்லை, வேகமும் ஊட்டுகிறவருடையது. கை நடுங்கினாலும் கரண்டியை அவரைப் பிடிக்கச் சொல்லி, அந்தக் கையைப் பிடித்து நாம் வழிநடத்தினால் பாதிச் சிரமம் குறையும். சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம்.

ஊட்டியே ஆக வேண்டும் என்றால் நின்றுகொண்டு ஊட்டாதீர்கள். நீங்கள் நின்றால் அவர் தலையை அண்ணாந்து பார்ப்பார், தொண்டையின் வாசல் தவறான பக்கம் திறக்கும். எதிரில், அவர் கண்மட்டத்தில் உட்காருங்கள். அவர் முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். சின்னக் கரண்டி, அரைக் கரண்டி உணவு. கழுத்து மேடு ஏறி இறங்கியதைப் பார்த்த பிறகுதான் அடுத்த வாய். வாய்க்குள் சோறு இருக்கும்போது "இன்னைக்கு என்ன கிழமை?" என்றெல்லாம் கேட்கக் கூடாது. டி.வி.யை அணைத்துவிடலாம். முடிந்த பிறகு அரைமணி நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும்.

எச்சில் படாமல் அண்ணாந்து குடிப்பது நமக்கு மரியாதைப் பழக்கம். விழுங்கும் சிரமம் உள்ளவர் அதை உடனே நிறுத்த வேண்டும். டம்ளரில்கூட, அடியில் இருப்பதைக் குடிக்கும்போது தலை பின்னால் சாய்கிறது. வாய் அகன்ற டபராவில் கொஞ்சமாக ஊற்றிக் கொடுத்தால் மூக்கு இடிக்காது, தலையும் சாயாது. மோவாயைத் தாழ்த்தி விழுங்குவது பலருக்கு உதவும், சிலருக்கு உதவாது, பரிசோதனையில்தான் தெரியும். குழந்தைக்கு மூக்கைப் பிடித்துச் சங்கில் மருந்து புகட்டுவதும், குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவதும் இதே வகை ஆபத்துகள். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் வரும் நிமோனியா லேசில் ஆறாது.

வாய்ச் சுத்தம் இவ்வளவு முக்கியமா என்றால், ஆமாம். முதியோர் இல்லங்களில் பல் துலக்குவதை ஒழுங்காகச் செய்தபோது நிமோனியா குறைந்ததை ஜப்பானில் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். பல் இல்லாதவருக்கும் ஈறையும் நாக்கையும் துடைக்க வேண்டும். பல்செட்டை இரவில் கழற்றிவிட வேண்டும். செலவில்லாத வைத்தியம் இது, ஆனால் வீட்டில் முதலில் விட்டுப்போவதும் இதுதான்.

மாத்திரையைப் பொடித்துக் கொடுக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். மெல்ல மெல்லக் கரையும்படி செய்யப்பட்டவற்றைப் பொடித்தால் முழு நாள் மருந்தும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் ஏறிவிடும். பெரும்பாலான மருந்துகளுக்குத் திரவ வடிவமோ வேறு மாற்றோ இருக்கும்.

குழாய் போட்ட பிறகு

வாய் வழியே போதுமான அளவு உள்ளே போகாதபோது மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போடுவார்கள். இனிமேல் புரை ஏறாது என்று குடும்பம் நிம்மதி அடைகிறது. அது முழு உண்மை இல்லை. ஒரு நாளில் ஒரு லிட்டர் அளவுக்குச் சுரக்கும் உமிழ்நீரை அவர் விழுங்கித்தான் ஆக வேண்டும், இரைப்பையில் ஊற்றியது மேலே எதுக்களிக்கவும் செய்யும். படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைப்பதும் வாயைத் துடைப்பதும் டியூப் போட்ட பிறகு இன்னும் அவசியம்.

நான்கு வாரத்துக்கு மேல் தேவைப்படும் என்றால் வயிற்றுத் தோல் வழியாக நேரே இரைப்பைக்குப் போகும் பெக் குழாய் நல்லது. 1979இல் கிளீவ்லாந்தில் ஒரு கைக்குழந்தைக்கு முதன்முதலில் போட்டது அது. "வயித்துல ஓட்டையா" என்று நம் குடும்பங்கள் மிரள்கின்றன. மூக்கில் குழாயோடு, அதைப் பிடுங்கிவிடாமல் இருக்கக் கையைக் கட்டிப்போட்டு மாதக்கணக்கில் கிடப்பதைவிட அது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து. சட்டைக்குள் மறைந்துவிடும், தேறியதும் எடுத்துவிடலாம்.

முற்றிய டிமென்ஷியாவில் மட்டும் கணக்கு வேறு. அங்கே குழாய் ஆயுளைக் கூட்டுவதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ நிரூபணம் இல்லை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம், குழாயைவிடப் பொறுமையாகக் கையால் ஊட்டுவதையே பரிந்துரைக்கிறது. எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவு போதும், பிடித்ததைக் கொடுக்கலாம் என்ற நிலை அது. கடைசி நாட்களில் பால் ஊற்றும் நம் சடங்கும் இங்கே வரும். நினைவில்லாதவருக்கு வாயில் ஊற்றினால் தொண்டையில் தேங்கி மூச்சுத் திணறும். பாலில் நனைத்த பஞ்சால் உதட்டைத் தொட்டால் சடங்கும் நிறைவேறும், அவருக்கும் வேதனை இருக்காது.

யாரிடம் போவது

தொண்டைக் கட்டச் சிரமத்துக்கு ஸ்பீச் தெரபிஸ்ட். பேச்சுக்கும் விழுங்குவதற்கும் நாக்கு, அண்ணம், குரல்வளை என்று உறுப்புகள் ஒன்றேதான் என்பதால் இந்த வேலை அவர்களிடம் வந்தது. மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு-செவித்திறன் நிறுவனம் இந்தத் துறையின் தாய்வீடு. தமிழ்நாட்டிலும் பல மருத்துவக் கல்லூரிகளில், பெரும்பாலும் காது-மூக்கு-தொண்டைப் பிரிவை ஒட்டி, இவர்கள் இருக்கிறார்கள். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேட்பதில் தப்பில்லை. விழுங்குவதில் பயிற்சி இருக்கிறதா என்றும் கேளுங்கள், எல்லோருக்கும் இருக்காது.

அவர்கள் கற்றுத்தரும் பயிற்சிகளுக்குப் பலன் உண்டு. தட்டையாகப் படுத்து, தோளைத் தூக்காமல் தலையை மட்டும் தூக்கிக் கால்விரலைப் பார்ப்பது ஒன்று. உணவுக்குழாயின் மேல்வாயைத் திறக்க உதவும் தசைகளை அது வலுவாக்கும். கழுத்தெலும்புத் தேய்மானம் இருப்பவர் செய்யக் கூடாது. வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுப்பவர்கள் சிகிச்சை முடிந்து, தொண்டை இறுகிய பிறகு வருவதுதான் இங்கே வழக்கமாக இருக்கிறது. கதிர்வீச்சு தொடங்கும் முன்பே வர வேண்டும். சிகிச்சை நாட்களில் கொஞ்சமாவது வாய் வழியாக விழுங்கிக்கொண்டே இருந்தவர்களின் தசைகள் பின்னால் நன்றாக இருக்கின்றன. கழுத்தில் மின்தூண்டல் கொடுக்கும் கருவிகளைப் பற்றி முடிவுகள் கலவையாகவே இருக்கின்றன. அதற்கு மட்டும் பணம் கட்டச் சொன்னால் யோசிக்கலாம்.

நெஞ்சில் அடைக்கிறது என்றால் குடல்-இரைப்பை மருத்துவர். சாப்பிட்டது அடைத்து, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் துப்பிக்கொண்டிருந்தால் காலைவரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போக வேண்டும். மூச்சே அடைத்து, பேசவும் இருமவும் முடியாமல் போனால் அது வேறு. தண்ணீர் கொடுக்காதீர்கள், தலையில் தட்டாதீர்கள். முன்னால் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாக அடியுங்கள். வரவில்லை என்றால் பின்னால் நின்று தொப்புளுக்குச் சற்று மேலே இரு கைகளையும் கோத்து, உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்துங்கள். பொருள் வெளியே வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து, இன்னொருவரை 108ஐ அழைக்கச் சொல்லுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது, நெஞ்சை அழுத்த வேண்டும்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துப் போங்கள். தூக்க மாத்திரையும், மனநோய்க்கான சில மருந்துகளும், சளிக்கு வாங்கும் சில மாத்திரைகளும் தொண்டையை மந்தமாக்கும் அல்லது வாயை உலர்த்தும். சில நேரம் மருந்தை மாற்றினாலே பாதி சரியாகிவிடும். கடந்த ஆறு மாத எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரு முழு வேளைச் சாப்பாட்டை, முகமும் கழுத்தும் தெரியும்படி, செல்போனில் வீடியோ எடுத்துப் போங்கள். புது இடத்தில், டாக்டர் எதிரில், ஒரு வாய்த் தண்ணீர் குடித்துக் காட்டும்போது பெரும்பாலானவர்கள் நன்றாகத்தான் விழுங்குவார்கள்.